ஊர்ப் பூங்காவை நாமே பார்த்துக்கொள்வது எப்படி: மலையகத்துக்கான முழு வழிகாட்டி

மலையகத்தில் எந்த டவுனை எடுத்தாலும் ஒரு சின்னப் பூங்கா இருக்கும். பஸ் தரிப்பிடத்துக்கு மேலே ஒரு சரிவில் இருக்கும், இல்லையென்றால் கோவிலுக்கும் வாசிகசாலைக்கும் நடுவில் மிஞ்சிய கால் ஏக்கரில் இருக்கும். திறப்பு விழா நடந்த வருடம் பூத்துக் குலுங்கும். அடுத்த வருடம் புல் முழங்காலுக்கு வந்துவிடும், அதற்கடுத்த வருடம் ஊஞ்சலில் ஒரு சங்கிலி மட்டும் தொங்கும். எங்கள் ஊர்ப் பூங்காவும் அப்படித்தான் கிடந்தது. பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு வருகிறோம். ஹட்டன் பக்கம், மழை கொட்டுகிற இடம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காலம் மட்டும் மாறும், அதையும் கீழே சொல்கிறேன்.

முதல் வருடம் நாங்கள் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். மே மாத நடுவில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அறுபது ரோஜாக் கன்று வாங்கி, சரிவு முழுக்கக் குழி வெட்டி, எரு போட்டு நட்டோம். இரண்டு வாரத்தில் தென்மேல் பருவ மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், மேல் ரோட்டிலிருந்து வந்த தண்ணீர் பூங்காவுக்கு நடுவால் ஒரு வாய்க்கால் அறுத்துக்கொண்டு போயிருந்தது. கன்றுகள் எரு மண்ணோடு கீழே வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்தன. தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா அந்தப் பக்கமாக வந்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பூவ அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல தண்ணி போற வழியப் பாருங்க."

அவர் சொன்னதைத்தான் நான் இங்கே விரித்து எழுதுகிறேன். மலையில் பூ நடுவது கடைசி வேலை. முதல் வேலை தண்ணீர். அந்த வேலை தெரிந்த ஆள் வெளியில் இல்லை, தோட்டக் குடியிருப்பான நம் லயத்துத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாளிலிருந்து இந்தச் சரிவுகளில் தண்ணீர் வடியக் கான் வெட்டியதும், செடியைக் கவ்வாத்து வெட்டியதும், முள்ளு குத்தி மண்ணைக் கிளறியதும் நம் ஆட்கள். அந்தக் கை ஊர்ப் பூங்காவுக்கும் வரட்டும்.

யாருடைய நிலம்?

டவுனுக்குள் இருக்கும் பூங்கா பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைக்குச் சொந்தம். தோட்ட எல்லைக்குள் இருந்தால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தோட்டப் பகுதிக்குப் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தத் தடை தளர்ந்துவிட்டது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் சபையிடம் போய்க் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

கடிதம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். என்ன செய்யப் போகிறோம், எதைச் செய்ய மாட்டோம் என்று இரண்டையும் எழுதுங்கள். மரம் வெட்ட மாட்டோம், நிரந்தரக் கட்டிடம் எழுப்ப மாட்டோம், பெயர்ப்பலகையில் யாருடைய விளம்பரமும் வராது என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகளுக்குப் பாதிப் பயம் போய்விடும். சபையிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்றுதான்: குப்பை வண்டி எந்த நாள் வரும், தண்ணீர்க் குழாய்க்கு யார் பொறுப்பு, பெரிய மரக்கிளை முறிந்தால் யாரைக் கூப்பிடுவது. பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி, பேசியவர் மாற்றலாகிப் போனதும் அவரோடு போய்விடும்.

மழையில் ஒரு நடை

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதற்கு மிஞ்சிய பாடம் கிடையாது. நல்ல மழை பெய்யும்போது குடையோடு பூங்காவைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது என்று பார்த்து, அங்கங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள். கலங்கின தண்ணீர் என்றால் மண் போகிறது என்று அர்த்தம். எங்கள் பூங்காவில் தண்ணீர் வந்த வழி ஒன்றே ஒன்றுதான், மேல் ரோட்டின் அடைபட்ட மதகு. அதை அடைத்திருந்தது ஒரு உரச் சாக்கும் ஏழெட்டுப் பிளாஸ்டிக் போத்தலும். அதை எடுக்க அரை மணி நேரம் போனது. அது தெரியாமல் அறுபது ரோஜாவைப் பறிகொடுத்திருந்தோம்.

கான் வெட்டுதல்

சரிவில் தண்ணீரை நேராகக் கீழே ஓட விட்டால் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். குறுக்கே மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், கல் பதித்த ஒரு இறக்கு கானில் விட வேண்டும். கண் மட்டத்தில் இதைச் செய்ய முடியாது. மலையில் கண் ஏமாற்றும். அதற்கு ஏ வடிவச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள், செலவே இல்லை.

ஏழடி நீளத்தில் இரண்டு கம்பு எடுத்து உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கால்கள் ஆறடி இடைவெளியில் நிற்கும்படி நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல் தொங்க விடுங்கள், நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். சட்டத்தை நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுதான் மட்டம். இனி மட்டமான இடத்தில் சட்டத்தை நிறுத்தி, ஒரு காலுக்குக் கீழே அரை அங்குலப் பலகை வைத்து, நூல் விழும் இடத்தில் மூன்றாவது கோடு போடுங்கள். அதுதான் கானுக்கான கோடு. பலகை வைத்த காலைத் தண்ணீர் வரும் பக்கமாகவே வைத்து, நூல் மூன்றாவது கோட்டில் நிற்கும்படி ஒவ்வொரு எட்டாக நகர்த்தி, கால் படும் இடமெல்லாம் குச்சி நட்டுக்கொண்டே போங்கள். ஆறடிக்கு அரை அங்குல இறக்கம். தேயிலை மலைகளில் பக்கக் கான்களுக்கு 120க்கு 1 என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த இறக்கம் வந்துவிடும்.

குச்சி வரிசையில் ஒரு முழ ஆழத்துக்குக் கான் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் அணையாகப் போடுங்கள். கானுக்குள்ளே சில அடிக்கு ஒரு தடவை, கானின் விளிம்பைவிடத் தாழ்வாக ஒரு சின்ன மண் தடுப்பு விட வேண்டும். தண்ணீர் அதற்குப் பின்னால் கொஞ்சம் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, மேலால் தெளிவாக வழிந்து போகும். அங்கே படியும் மண்தான் பூங்காவின் நல்ல மண், அள்ளிப் பாத்திக்கே திருப்பிப் போடலாம். கானின் கீழ் அணையில் வெட்டிவேர் நடுங்கள். நாலு விரல் முதல் ஆறு விரல் இடைவெளியில் நெருக்கமாக, ஒரே வரிசையாக. அதன் வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் நேராக இறங்கும், பக்கத்துச் செடியோடு சண்டைக்குப் போகாது.

இந்தக் கட்டம் முடிய எங்களுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. ஒரு பூக்கூட நடவில்லை, பார்த்தவர்கள் என்ன இது ரோட்டு வேலையா என்று கேட்டார்கள். பொறுமையாக இருங்கள்.

ஆட்களும் காலமும்

கொழுந்து எடுக்கிற பெண்கள் ஆறு நாள் மலையில் நிற்கிறார்கள். அவர்களை ஞாயிறும் வந்து குனி என்று கேட்பது நியாயமில்லை. விரும்பி வந்தால் பாத்திக்கு எதை நடலாம் என்று அவர்களிடம் கேளுங்கள், மண்வெட்டியை இளைஞர்களிடம் கொடுங்கள். ஆனால் இளைஞர்கள் எங்கே? பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அவர்கள் ஊருக்கு வருவது தைப்பொங்கலுக்கு, சித்திரைப் புத்தாண்டுக்கு, தீபாவளிக்கு. கொஞ்சம் யோசித்தால் இது நமக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. சித்திரை என்றால் பெரிய மழைக்கு முந்தின நேரம், கான் சுத்தம் செய்ய அதைவிட நல்ல காலம் இல்லை. தீபாவளி ஒக்டோபர், நவம்பரில் வரும், தென்மேல் மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும், நடுவதற்கு அதுதான் காலம். ஆகவே பெரிய சிரமதானம் வருடத்துக்கு இரண்டு, சித்திரையில் ஒன்று, தீபாவளியில் ஒன்று. மற்ற வாரங்களில் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை, நாலே நாலு பேர் போதும்.

ஊவாப் பக்கம் கதை வேறு. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வறட்சியும் கச்சான் காற்றும். ஒக்டோபரில்தான் மழை பிடிக்கும். அங்கே நடுவதை அந்த மழையோடு தொடங்குங்கள், வறட்சி மாதங்களில் பாத்திகளுக்குக் காய்ந்த புல், இலையால் மூடாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்ற ஆள் வையுங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் அதிகாலை உறைபனி விழும். இளங்கன்றுகளைச் சாயங்காலமே பழைய சாக்கால் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் பிரட்டு வைப்போம், தோட்டத்தில் காலையில் பெயர் சொல்லி வேலை பிரிப்பது போலவே. இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு எந்த மூலை. இது இல்லாத நாளில் எல்லோரும் ஒரே பாத்தியைச் சுற்றி நிற்பார்கள். ஊரில் சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் முதல் நாளிலிருந்தே கூப்பிடுங்கள். அறிவிப்புப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் தேத்தண்ணியும் ரொட்டி சம்பலும் கட்டாயம். அங்கேதான் அடுத்த வாரத்துக்கு யார் வருவார்கள் என்று உண்மையில் தீர்மானமாகிறது.

மண்

நம் மண் புளித்த மண், அதாவது அமிலம் கூடிய மண். தேயிலைக்கு அது பிடிக்கும், பெரும்பாலான பூக்களுக்குப் பிடிக்காது. விவசாயக் கடையில் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் வாங்கி, பாத்தி மண்ணில் கலந்து, சில வாரம் விட்டு நடுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் போட்டுவிட வேண்டாம். கமீலியா தேயிலைக்குச் சொந்தக்காரி, அதுவும் அசேலியாவும் புளித்த மண்ணில்தான் செழிக்கும். ஹைட்ரேஞ்சியா இன்னும் வேடிக்கை: புளித்த மண்ணில் இருக்கும் அலுமினியத்தை அது உறிஞ்சுவதால் பூ நீலமாக வருகிறது, டொலமைட் போட்ட பாத்தியில் அதே செடி மெல்ல மெல்ல ரோஸ் நிறத்துக்கு மாறும். எங்கள் வாசலில் இரண்டு பக்கமும் ஒரே தாய்ச்செடியின் தண்டுகள்தான், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ். பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்று கேட்கிறார்கள்.

உரத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு வாளி வைத்துவிட்டு வந்தால் தினமும் சக்கை சேரும். அதோடு காய்ந்த இலை, வெட்டிய புல், மாட்டுச் சாணம். மேலே பழைய தகரம் ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். குளிரில் மக்குவதற்கு நாலு மாதமாவது பிடிக்கும். மாதம் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

என்ன நடலாம்

நாற்று வாங்கப் போகுமுன் லயங்களைச் சுற்றி ஒரு நடை போங்கள். பால்மா டின்னில், உடைந்த வாளியில், பழைய சட்டியில், வாசலுக்கு வாசல் ஜெரேனியம், பிகோனியா, டேலியா, ரோஜா. அந்த உயரத்திலும் அந்த மழையிலும் வருடக்கணக்காக நின்று பழகிய செடிகள் அவை. ஒரு தண்டு கேட்டால் நாலு தண்டு தருவார்கள். அதை யார் வீட்டுச் செடி என்று ஒரு சின்னப் பலகையில் எழுதி நட்டோம். அப்புறம் அந்த வீட்டுக்காரர்களே வந்து தங்கள் செடியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நாங்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எது எந்த உயரத்தில் நிற்கும் என்று சந்தேகமிருந்தால், 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்காவை ஒரு நாள் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே சுற்றுங்கள். பேராதனையில் கண்ட செடிக்கு ஆசைப்பட்டு வாங்கிவராதீர்கள், அது நமக்கு ஆயிரக்கணக்கான அடி கீழே.

சரிவில் அகபந்தஸ், கல்வாழை, ஹைட்ரேஞ்சியா. மரநிழலில் மலேசியன் புல். மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாக் கொடியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் கானையும் மூடிவிடும். உண்ணிச்செடி தானாக முளைத்தால் பூக்குமுன் வேரோடு எடுங்கள். களைநாசினி வேண்டாம், அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். சரிவில் களையை மொத்தமாகச் சுரண்டி மண்ணை வெறுமையாக விடவும் கூடாது. வெட்டியதை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள்.

கவ்வாத்து

செடியைக் கண்டபடி வெட்டுகிற ஆர்வம் புதிதாக வருகிற எல்லோருக்கும் இருக்கும். கத்தியை முதலில் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் கங்காணித் தாத்தா வெட்டுவதைப் பார்த்தால், கத்தியைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு, தண்டு நசுங்காது, பட்டை கிழியாது, வெட்டு முகம் சரிந்து நிற்கும். மழைத்தண்ணீர் அதில் நிற்காமல் வழிந்துவிடும், அழுகல் பிடிக்காது. கத்தி மொட்டையாக இருந்தால் அன்றைக்கு வெட்டவே மாட்டார், தீட்டிக்கொண்டு அடுத்த வாரம் வருவார். ஹைட்ரேஞ்சியாவை மட்டும் பூத்து முடிந்த உடனே வெட்ட வேண்டும், பெரும்பாலான வகைகள் பழைய தண்டில்தான் அடுத்த வருட மொட்டை வைக்கும். காலம் கடத்தி வெட்டினால் ஒரு வருடம் பூ இல்லை.

ஆபத்துகள்

குளவியைப் பற்றி மலையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் சிரமதான நாளில் மறந்துவிடுகிறோம். வேலைக்கு முன் ஒருவர் மரங்களை அண்ணாந்து பார்த்துச் சுற்றி வரட்டும். கூடு இருந்தால் அந்த மூலையில் அன்று வேலை இல்லை. கல் எறிவதும் இல்லை, புகை போடுவதும் இல்லை, சபைக்குச் சொல்லுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்கே கலைந்து வரும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த இயந்திரம் கல்லையும் தூக்கி அடிக்கும், ஓடும்போது பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்கட்டும்.

புல்லுக்குள் உடைந்த சாராயப் போத்தல் இருக்கும். கையைப் புல்லுக்குள் விடாதீர்கள், முதலில் கம்பால் கிளறுங்கள். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளலாம்.

டின், சட்டி, டயர், கானின் தேக்கம், எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம்போல்தான் எடுக்கும், அதனால்தான் வாரம் ஒரு தடவை என்கிறேன். பூ நட்ட டின்களுக்கு அடியில் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள்.

மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. பூங்கா சரிவில் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்பவர்கள்தான் மாற்றத்தை முதலில் காண்பவர்கள். தரையில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, வேலிக் கம்பி திடீரென இறுகுவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது அல்லது நின்றுபோவது, இதில் எதைக் கண்டாலும் வேலையை விட்டுவிட்டு எல்லோரையும் வெளியே கூப்பிடுங்கள், கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். மழையை அளக்கவும் பழகுங்கள். வாய் முதல் அடி வரை ஒரே அகலமான டின் ஒன்றைத் திறந்த வெளியில் மட்டமாக வைத்து, காலை எட்டு மணிக்கு அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். டின்னில் எத்தனை மில்லிமீட்டரோ அதுவே மழையின் அளவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரை விழிப்புக்கும், 100ஐ எச்சரிக்கைக்கும், 150ஐ வெளியேறுவதற்கும் அளவாக வைத்திருக்கிறது. மணிக்கணக்கில் கொட்டும் மழைக்கு எட்டு மணி வரை காத்திருக்க வேண்டாம், இடையிலும் போய்ப் பாருங்கள். அறிவித்தல் எதுவும் வராமலிருந்தாலும் வெடிப்பைக் கண்டால் வெளியேறுவதுதான் சரி.

காசும் கொப்பியும்

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். மாதக் கடைசியில் வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பூங்கா வாசலிலேயே ஒட்டிவிடுங்கள். பணம் ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம், மண்வெட்டி, கத்தி வைக்கும் அறைச் சாவி மூன்றாமவரிடம், மாற்றுச் சாவி ஒன்று கோவில் அலுவலகத்தில். வருடத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றுங்கள். பொறுப்பாக இருந்தவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போவார், கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போவார். அவரோடு விபரமும் போகாமல் இருக்கத்தான் கொப்பி.

நல்ல தடித்த மட்டைக் கொப்பி ஒன்று வாங்கி, மழை படாமல் பொலித்தீன் உறை போடுங்கள். எந்த நாள் யார் வந்தார்கள், எது நட்டோம், எது செத்தது, டின்னில் எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அதில் ஏறட்டும். முதல் பக்கத்தில் மட்டும் கான்களின் படம் வரையுங்கள். எந்தக் கான் எங்கே தொடங்குகிறது, எங்கே விழுகிறது, நடுவில் எத்தனை மண் தடுப்பு, மேல் ரோட்டு மதகு எந்த இடத்தில். புதிதாக வருபவருக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான், கையில் மண்வெட்டியையும் கொடுத்து.